வாயுதான் என்று சொன்னேன்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு வரும் காலை பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது, மேடம். வினோதினியை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அவள் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கை இப்போது அப்படித்தான். வைத்த இடத்தில் இருக்கும். டம்ளர் பிடிக்காது, பேனா பிடிக்காது, ஊக்கு மாட்டாது. சென்னையில் ஊசி குத்திப் பார்த்தார்கள், கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். நரம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, மனசில்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லி உங்களிடம் அனுப்பினார்கள்.

மூன்று வாரமாக நீங்கள் அவளோடு பேசினீர்கள். இன்று அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவள் அப்பா இறந்த அன்றைக்கு என்ன நடந்தது, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள் என்கிறீர்கள். இந்த அறையில் பேசுவது வெளியே போகாது என்றும் சொன்னீர்கள். சரி, சொல்கிறேன். எனக்கும் யாரிடமாவது ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

என் வீட்டுக்காரர் தினகரன் நல்ல மனுஷன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட என் மேல் கை வைத்ததில்லை. குடித்தால் தூங்கிவிடுவார். எங்கள் குப்பத்தில் அவரோடு யாருக்கும் சண்டை கிடையாது. எனக்கும் கிடையாது. எனக்குக் கஷ்டமே அதுதான். ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் வேண்டாம் என்றால் அதற்கும் சிரிப்பார். அப்புறம் அது நடந்துவிடும். எனக்கு ஒரு தடவை அங்கன்வாடியில் உதவியாளர் வேலைக்குக் கடிதம் வந்தது. உனக்கு எதுக்கு அமுதா இந்தத் தொல்லை என்று சிரித்தார். அவ்வளவுதான், அந்த வேலை போய்விட்டது. கத்துகிற மனுஷனாக இருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சிரிக்கிறவரை என்ன செய்வது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

போன வருஷம் மாசி மாதம் வலை இழுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டு தடவை கண் இருட்டிப் படகிலேயே உட்கார்ந்துவிட்டாராம். நான்தான் பிடிவாதமாகச் சென்னைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தேன். ரிப்போர்ட் வாங்கப் போக வேண்டிய நாளில் கடலில் நல்ல மீன்பாடு. நீ போய் வாங்கினு வந்துடு என்று சொல்லிவிட்டு அவர் கடலுக்குப் போய்விட்டார். நான் தனியாக ரயில் ஏறிப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். கவரின் பின்பக்கத்தில் இதயத்தின் படம் வரைந்து காட்டினாள். இதயத்தின் சுவர் தடித்துப் போயிருக்கிறது, கனம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, திடீரென்று பயமோ படபடப்போ வந்தால் அப்படியே நின்றுவிடலாம் என்றாள். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது, அடுத்த மாதம் அவரைக் கையோடு கூட்டி வர வேண்டும் என்றாள். புரிந்ததா என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் புரிந்தது என்றேன்.

திரும்பி வரும்போது மீஞ்சூர் தாண்டி அனுப்பம்பட்டு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். எதிரே பூக்கூடை வைத்திருந்த அம்மா தண்ணீர் கொடுத்தார்கள். பொன்னேரியில் இறங்கி பஸ் ஏறியதும், அவரிடம் எப்படிச் சொல்வது, இனிமேல் படகுக்கு யாரை அனுப்புவது என்றுதான் யோசித்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டு வாசல்வரை நான் சொல்லத்தான் போனேன்.

வீட்டில் என் நாத்தனார் கோவிந்தம்மா உட்கார்ந்திருந்தார். அவர் இருப்பது ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய குப்பம். படகில் வந்தால் ஒரு மணி நேரம். எளாவூர் செக்போஸ்ட் வழியாக ரோட்டில் சுற்றினால் அரை நாள் ஆகிவிடும். தட்டில் பூ, பழம், வெற்றிலை எல்லாம் இருந்தது.

"அமுதா, வா வா. வினோவ இளாவுக்குக் குடுக்கறதா வெத்தல மாத்திக்கினோம்" என்றார் என் வீட்டுக்காரர். "ஆவணில வெச்சிக்கலாம்னு அக்கா சொல்லுது." அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

இளா என்பது கோவிந்தம்மாவின் மகன் இளவழகன். வினோவுக்கு அத்தை மகன், மாமன் முறை. வினோவுக்கு அப்போது பதினேழு வயது. பன்னிரண்டாவது பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அவளைப் பொன்னேரி காலேஜில் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என்னைக் கேட்காமல் வெற்றிலை மாற்றிவிட்டார்கள். நான் நாத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அவர் படகேறிப் போன பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. "டாக்டரு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"வாயுவாம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, மேடம். வாயில் அதுதான் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். நான் அப்பவே சொன்னேனே, இதுக்குப் போயி மெட்ராஸ் வரைக்கும் அலைஞ்சிட்டு வந்துகிற என்றார்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை வாயு மாத்திரை என்று சொல்லி ஒரு மாதம் என் கையால் கொடுத்தேன். ஒரு நாளும் தவறவில்லை. அது தீர்ந்த வாரம் வினோவுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, போக முடியவில்லை. அதற்கடுத்த வாரம் போயிருக்கலாம். போகவில்லை. வாயுவுக்கு எத்தனை நாள்தான் மாத்திரை சாப்பிடுவது என்று அவரும் விட்டுவிட்டார்.

அந்த நாட்களில் அவர் படகைத் தள்ளும்போது நான் கரைக்குப் போய் நிற்பேன். புருஷன்மார்கள் திரும்பி வரும் நேரத்தில்தான் எல்லாப் பெண்களும் கரைக்கு வருவார்கள். நான் போகும் நேரத்தில் நின்றேன். எதற்காக நின்றேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் தள்ளி முடித்து ஏறி உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

நான் ஒன்றும் முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். காலேஜ் பற்றி அவரிடம் பலமுறை சொன்னேன். சிரித்தார். பள்ளிக்கூடத்து மேரி டீச்சரை வீட்டுக்கு வரச் சொன்னேன். டீச்சருக்கு இறால் வறுத்துப் போட்டு, நல்லபடியாகப் பேசி, சிரித்தே வழியனுப்பி வைத்தார். டீச்சர் போகும்போது என் கையைப் பிடித்து, அப்பா சம்மதம் இல்லாமல் நான் என்னம்மா செய்ய முடியும் என்றார். ஊர்ப் பஞ்சாயத்தில் எங்கள் பெண்கள் போய் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. என் அம்மா வீட்டில் பேச ஆள் இல்லை. நானும் பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவள்தான். பத்தாவதில் நானூற்று முப்பத்தொன்று வாங்கியிருந்தேன். அதைக் கேட்டு யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இளவழகன் கெட்ட பையன் என்று சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கு அப்புறமும் வினோ படிக்கலாம் என்று அவன் சொன்னானாம். வினோவே என்னிடம் வந்து சொன்னாள். "மாமா தெனம் போட்டுல கொண்டாந்து இந்தக் கரைல உட்டுடறேன்னு சொல்லிச்சும்மா. எனக்கு ஓகேதான்" என்றாள். பதினேழு வயதில் எல்லாம் ஓகேவாகத்தான் தெரியும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மகள், மேடம். ஏரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டால், காற்று திரும்பினால் படகு வராது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ஐந்நூற்று முப்பத்தொன்று. அப்போது முகத்துவாரத்தில் மணல் மூடிவிட்டது. படகு கடலுக்குப் போக வழியில்லாமல் அவர் வீட்டில்தான் இருந்தார். மகளின் மார்க்கைக் குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு சுற்றினார். அவளைக் கூப்பிட்டு, எங்கே போக வேண்டும் சொல்லு, எல்லாரும் போகலாம் என்றார். வினோ தீம் பார்க் என்றாள். சென்னையைத் தாண்டி இருக்கிறதே, தண்ணீர் விளையாட்டு ஒரு பக்கமும் ராட்டினங்கள் ஒரு பக்கமுமாக. பேர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

நாங்கள் மூன்று பேர், கூட இளவழகன். காலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அதற்கும் சிரித்தார், நாங்க வர்றதுக்குள்ள நீங்க சாப்ட்டுடுங்க என்று காவலாளியிடம் சொன்னார்.

அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்ததை நான் மறைக்கப் போவதில்லை. அலைக்குளம் என்று ஒன்று இருக்கிறது. மணி அடித்தால் அலை வரும், இன்னொரு மணி அடித்தால் நின்றுவிடும். ஆயுசு முழுக்கக் கடலில் கிடந்த மனுஷன் அதில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மணி அடித்ததும் கையைத் தட்டினார். பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம் அலைக்குத் தடுமாறியது. அலை வரும்போது முதுகைக் காட்டாதீங்க, தோளைக் காட்டி நில்லுங்க என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "நம்ம கடலுக்கும் இப்டி ஒரு மணி இருந்தா நல்லாருக்கும் இல்ல?" என்றார். நல்லாத்தான் இருக்கும் என்றேன். நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது.

மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ராட்டினங்கள் பக்கம் போனோம். சுற்றுகிற ஒன்றில் வினோவும் இளவழகனும் ஏறினார்கள். அவன் இறங்கி வந்து செடி ஓரமாக வாந்தி எடுத்தான். பெஞ்சில் படுத்துவிட்டான். அடுத்தது ரோலர் கோஸ்டர். உயரத்துக்கு ஏறி, தலைகீழாகச் சுற்றி இறங்குவது. ஒரு சீட்டில் இரண்டு பேர். வினோவுக்குத் துணை இல்லை. அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, நீ வா நைனா. ஒரே ஒரு தபா."

நான் ஏறியிருக்கலாம். அவள் என்னையும் கூப்பிட்டாள். எனக்குத் தலை சுற்றும் என்று சொன்னேன்.

வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. மேலே இங்கிலீஷ் எழுத்து. கீழே படங்கள். இதயம் ஒன்று வரைந்து அதன் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது. மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒரு பெண் ஒவ்வொருவரையும் நிறுத்தி, பி.பி., ஹார்ட் பிரச்சினை எதுவும் இருக்கிறதா என்று கேட்டுத்தான் உள்ளே விட்டாள். அவரையும் கேட்டாள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அமுதா, எனக்கு வந்தது வெறும் வாயுதானே?"

"ஆமா. வாயுதான். போயிட்டு வாங்க" என்றேன்.

அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். ஒன்றும் இல்லம்மா என்று அவளிடமும் சொன்னேன். அவ்வளவுதான் நான் பேசியது. அவர் வினோவோடு போய் உட்கார்ந்தார். தோளுக்கு மேல் ஒரு கம்பி இறங்கியது. அது மேலே ஏறுகிறவரைக்கும் என்னைப் பார்த்துக் கை ஆட்டினார்.

திரும்பி வந்து நின்றபோது எல்லாரும் இறங்கினார்கள். அவர் தலை தொங்கியிருந்தது. மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். வினோ முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், நைனா நடிக்காத நைனா என்று தோளைத் தட்டினாள். அவர் கை அவள் வலது கையைப் பிடித்தபடி இருந்தது. அதை மெதுவாக விரல் விரலாகப் பிரித்துத்தான் அவளை இறக்கினார்கள்.

அவர்களுடைய ஆம்புலன்ஸிலேயே கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில், முன்னாடி நெஞ்சு வலி எதுவும் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். போலீஸ் வந்து மஞ்சள் டி-ஷர்ட் பெண்ணை விசாரித்தது. நான் கேட்டேன் சார், அவரு சம்சாரமும் ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க என்று அழுதாள். அவள் சொன்னது உண்மைதான், நான் மறுக்கவில்லை. எங்களுக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், இதயம் ஏற்கெனவே பெரிதாகித் தடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். பாவம், உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றார். இளவழகன் எனக்குத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான்.

பழைய ரிப்போர்ட் எங்கே என்று கேட்கிறீர்கள். அது இல்லை, மேடம். பார்க்குக்குக் கிளம்பிய அன்று காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஊருக்குப் போகும் முன்னால் வீட்டை ஒழுங்கு பண்ணுகிற பழக்கம் எனக்கு உண்டு.

நீங்கள் அப்படிப் பார்க்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வினோ முதலில் கேட்டது தீம் பார்க் இல்லை. ஏற்காடு. மலை பார்த்ததே இல்லை, குளிரும் என்று சொல்கிறார்கள், அங்கே போகலாம் என்றாள். அவள் அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம்தான் சொன்னாள். நான் போனில் அந்த ரோலர் கோஸ்டர் வீடியோவைத் தேடி எடுத்து அவளுக்குக் காட்டினேன். எவ்வளவு உயரம் பார், உங்க நைனாவைக் கூட்டினு போய் இதில் ஏத்தினா எப்படி இருக்கும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாளும் காட்டினேன். மூன்றாம் நாள் அவளே போய் அவரிடம் தீம் பார்க் என்று சொன்னாள். இப்போது அவளுக்கு அது ஞாபகம் இல்லை. எல்லாம் தன் ஆசைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்குத் தெரிந்துதான் செய்தேன், மேடம். வேறு மாதிரிச் சொல்லலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வேறு மாதிரிச் சொல்ல வரவில்லை. அவரிடம் எனக்குக் கோபம்கூடக் கிடையாது. அவர் இருக்கும்வரைக்கும் எங்கள் வீட்டில் என் பேச்சு ஒன்றும் நடக்காது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அப்பனைக் கையைப் பிடித்துச் சாவுக்குக் கூட்டிப்போன பெண் எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று கோவிந்தம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் வினோவின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. அப்புறம் இளவழகன் இரண்டு தடவை தனியாகப் படகில் வந்தான். அம்மா சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், நான் வினோவைப் பார்க்க வேண்டும் என்றான். தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். அவள் தூங்கவில்லை. உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நைனா என் கையை இறுக்கிப் பிடிச்சாரு, பயப்படறாருன்னு நான் சிரிச்சேன், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நான் அவளைக் குறை சொன்னதே இல்லை. உனக்கு எப்படிம்மா தெரியும், நீ வேணும்னேவா கூப்ட்ட, விடு என்று தலையைத் தடவிக் கொடுப்பேன்.

இதையெல்லாம் நானே அவளிடம் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், இப்போதே கூப்பிடலாம் என்கிறீர்கள். சொன்னால் கை திரும்பிவிடும் என்கிறீர்கள். திரும்பலாம். ஆனால் அப்பா இல்லாத பெண்ணுக்கு அம்மாவும் இல்லாமல் போய்விட்டால் அவள் எங்கே போவாள்? அவள் தாங்கமாட்டாள். நீங்களும் சொல்லமாட்டீர்கள், வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பேனாவை மூடி வைத்துவிட்டீர்களே, அதுவே போதும். அவள் தூங்குவதற்கு மட்டும் ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்கள். மறக்காமல் நான் கொடுத்துவிடுவேன்.

இந்த வருஷமாவது காலேஜில் சேர்க்கலாமே என்று போன வாரம் கேட்டீர்கள். தினமும் தனியாக பஸ்ஸில் வர வேண்டும், யார் யாரோ பக்கத்தில் உட்காருவார்கள், என்னென்னவோ பேசுவார்கள். இப்போது அவள் காலையில் கண் விழித்ததும் என்னைத்தான் தேடுகிறாள். மூன்று வேளையும் நான் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுகிறாள். அக்கரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் பாட்டுக்கு என் பக்கத்தில் இருக்கட்டும், மேடம். படிப்புக்கு இப்போது என்ன அவசரம்?